ரோடு இருக்கு

தெருவிலிருந்து சிலிண்டர்காரன் அண்ணாந்து பார்த்து, "காலி இருக்கா சார்?" என்று கத்தினான். இரண்டாம் மாடி பால்கனியில் நின்றிருந்த ரோட்டுக்காரர், மழைச் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று கையை வாயருகே குவித்துக்கொண்டு, "இல்ல" என்று நிறுத்திச் சொன்னார். அவன் சரி என்று கை காட்டினான். பிறகு நிறைந்த சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஈரப் படிகளில் முக்கி முனகி ஏறி வந்து, அவர் வாசலில் இறக்கி வைத்தான்.

"காலியைக் கொடுங்க சார்."

"இல்லன்னுதானே சொன்னேன்?"

"அதைத்தானே நானும் சொல்றேன். இருக்குன்னீங்க, கொண்டு வந்துட்டேன். எடுத்துட்டு வாங்க."

அவர் இன்னும் இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் சிவந்துகொண்டே போனது. கடைசியில், வயசானவர் என்பதால் விடுகிறேன், ஆளை வைத்து விளையாட வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, நிறைந்த சிலிண்டரை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனான். அவனுக்குக் காது மந்தம் என்று ரோட்டுக்காரர் முடிவு கட்டினார். எழுபத்திரண்டு வயதில் அடுத்தவன் காதைக் குறை சொல்லக் கிடைக்கிற சந்தோஷம் லேசுப்பட்டதல்ல. அதை அனுபவித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

கதவைச் சாத்தியதும் வாசனை வந்தது. நனைந்த சிகரெட்டைப் பற்றவைத்தால் வருமே, அந்தப் புளித்த புகை வாசனை. அவர் சிகரெட்டை விட்டு நாற்பத்திநான்கு வருடம் ஆகிறது. வீட்டில் வேறு ஆண்கள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது, இருப்பது அவரும் ஒரே மகளும்தான். சிலிண்டர்காரன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தார். மழைக்காற்று உள்ளே வந்து திரைச்சீலையை நனைத்தது. வாசனை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவே அவரை ரோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். மகள் கால்நடை மருத்துவர். மாட்டு டாக்டர் என்று கேலி செய்தால், "மாடு பொய் சொல்லாதுப்பா, அதனால வைத்தியம் சுலபம்" என்பாள். மலையில் நாலு நாளாகக் கொட்டிய மழையில் கொட்டகைகள் சரிந்து மாடுகள் அடிபட்டுக் கிடக்கின்றன என்று செய்தி வந்ததும், மருந்துப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள். இன்று திரும்பி வர வேண்டும். காலையிலிருந்து அவர் பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தது அதற்காகத்தான்.

அவளுக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்ததற்கு அவரே காரணம். சோறு ஊட்டுகிற வயதிலிருந்து அந்தக் கதைகளைத்தான் அவளுக்குச் சொல்லி வளர்த்தார். வெள்ளம் வந்த வருடங்களில் மலை ரோடு பிய்த்துப் போட்ட பாய் மாதிரி கிடக்கும். லாரிகளை விடலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல இரண்டு இரண்டு பேராக, ஆளுக்கு ஒரு மோட்டார் சைக்கிளில் அனுப்புவார்கள். அவருடைய ஜோடி நெட்டையன். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், வண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஹேண்டிலைத் தொடும். ஓடை குறுக்கே வந்தால் சைலன்சர் வாயில் துணியை அடைத்து, ஒவ்வொரு வண்டியாக ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடப்பார்கள். சங்கிலியில் அப்பிய சேற்றைக் குச்சியால் நோண்டுவார்கள். பிளக் நனைந்தால் கழற்றிச் சட்டையில் துடைத்து, தீக்குச்சி கிழித்துக் காட்டி மறுபடி மாட்டுவார்கள். உருண்டு வந்த பாறைக்கும் பாதாளத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தாலும், முதல் கியரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கை விரல் மரத்துப்போனால் இறங்கி, சூடான இன்ஜின் மேல் நாலு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு, சம்பளம் கொடுக்கிறவனின் பரம்பரையையே திட்டுவார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். மகளுக்கு ரொம்பப் பிடித்தது கடப்பாரைக் கதை. மலை வெள்ளம் ரோட்டை மேலே இருந்து அறுக்காது, கீழே இருந்து குடையும். பார்த்தால் ரோடு முழுசாக இருக்கும். மேலே வெறும் தோல், உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் முறை வைத்து ஒருவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து, அடிக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும். டங் என்றால் கெட்டி. பொத் என்றால் பொந்து. தட்டிவிட்டுத் திரும்பி வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும், 'இருக்கு' அல்லது 'இல்ல'. ஆற்று இரைச்சலிலும் இன்ஜின் சத்தத்திலும் அதற்கு மேல் பேசினால் விளங்காது. தட்டியவனே முதலில் வண்டியை விட வேண்டும். கூட்டாளி சொன்ன வார்த்தையை இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. கேட்டால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம்.

"கேட்டா கேவலம், இல்லப்பா?" என்பாள் மகள், எட்டு வயதில், கண் மின்ன.

"ரொம்பக் கேவலம்" என்பார் அவர்.

மத்தியானத்துக்கு மேல் கரண்ட் போனது. ஹால் சாம்பல் நிறமாக மங்கியது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேஜைப் பக்கம் போனார். தடி தரையில் பட்டபோது வந்த சத்தத்தில் கால் தானாக நின்றுவிட்டது.

பொத்.

தடியின் நுனியில் ரப்பர் உண்டு, சத்தமே வரக் கூடாது. இன்னொரு தடவை மெதுவாக ஊன்றினார். பொத். ஓர் அடி தள்ளி ஊன்றினார். அங்கேயும் பொத். இருபது வருடமாக நடக்கிற தரை, இரண்டாம் மாடி, கீழே இன்னொரு வீட்டின் கூரை. பொந்து எங்கிருந்து வரும்? டைல்ஸுக்குக் கீழே சிமெண்ட் விட்டுப்போயிருக்கும் என்று தனக்குத்தானே ஆய்வாளர் குரலில் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே, சுவரைப் பிடித்தபடி, ஓரமாகவே நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கால் கூசியது.

அப்போதுதான் மகளின் போன் வந்தது.

புது ரோட்டில் பாலம் போய்விட்டது என்றாள். வண்டிகள் எல்லாம் மேலேயே நிற்கின்றன. ஊர்க்காரர்கள் பழைய ரோடு ஒன்று இருக்கிறது, அதில் இறங்கலாம் என்கிறார்கள். ஆனால் அதில் யாரும் போய் வருடக்கணக்காகிறதாம். குரலில் சிரிப்பு இருந்தது. அப்பாவின் கதைக்குள்ளேயே போகப் போகிறோம் என்கிற சிரிப்பு.

"கழுத்து வளைவு இருக்கே, நீங்க சொல்லுவீங்களே. அங்க ரோடு இருக்காப்பா?"

கழுத்து வளைவு. அந்த வளைவை அவர் மகளிடம் கதையில் சொன்னதுண்டு, பெயர் மட்டும். நெட்டையன் அங்கேதான் போனான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டபோதெல்லாம் அவன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான் என்று கதையை முடித்துவிடுவார். அந்த வளைவை அதற்குப் பிறகு யாரும் கட்டவில்லை. மேலாக மண்ணைக் கொட்டி மூடி, ரோட்டையே கைவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே இருப்பது தோல்தான்.

"இல்லம்மா" என்றார். "அங்க ரோடு இல்ல. இல்லவே இல்ல. அந்தப் பக்கமே வராத."

"அப்பாடா" என்றாள் மகள். "நீங்க சொன்னா போதும்." போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் நிம்மதியாகத்தான் இருந்தார். நல்லவேளை கேட்டாளே என்று நினைத்தார். அப்புறம், எதற்கு அப்பாடா என்றாள் என்று யோசித்தார். ரோடு இல்லை என்றால் ஒருத்தி எதற்காக அப்பாடா என்று சொல்ல வேண்டும்? சிலிண்டர்காரனின் சிவந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதைத்தானே நானும் சொல்றேன்.

திரும்பக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். 'பழைய ரோடு இல்லை. வராதே. அங்கேயே இரு.' மூன்று தடவை படித்துப் பார்த்து அனுப்பினார். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

'சரிப்பா. இருக்குன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க, இனி என்ன பயம். கிளம்பிட்டேன்.'

அவர் அனுப்பியதை மறுபடி பார்த்தார். இல்லை என்றுதான் இருந்தது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படித்தார். இ. ல். லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் இருந்தது.

மகள் பாட்டுப் பதிவு செய்யச் சொல்லிக்கொடுத்த பொத்தான் ஒன்று போனில் உண்டு. அதை அழுத்தி, வாயருகே பிடித்து, "இல்ல" என்றார். நிறுத்தினார். "இல்ல." மூன்றாவது தடவை கத்தியே சொன்னார். பிறகு பதிவை ஓட்டிக் காதில் வைத்தார்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். வெளியே பெய்கிற மழையின் சத்தமல்ல அது, பாறைகளை உருட்டிக்கொண்டு போகிற ஆற்றின் சத்தம், அடியிலிருந்து வருகிற சத்தம். அதற்கு மேலே ஒரு குரல். இளைஞன் குரல். உதட்டில் சிகரெட்டை வைத்துக்கொண்டே, அலட்சியமாக, பாதிக் கொட்டாவியோடு பேசுகிற குரல்.

"இருக்கு."

"இருக்கு."

"இருக்கு."

இருபத்தெட்டு வயதில் அவருக்கு அந்தக் குரல்தான்.

அன்றைக்குத் தட்டுகிற முறை அவருடையது. காலை பத்து மணி, மூடுபனி, ஹேண்டிலைப் பிடித்த கை தெரியாத அளவுக்கு. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வளைவுக்குள் நடந்தார். இருபது அடி போனதும் காலடியில் மண்ணுக்குள் தண்ணீர் ஓடுகிற அதிர்வு தெரிந்தது. அதற்கு மேல் கால் எழவில்லை. பயந்தவன் திரும்பி வந்து பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நெட்டையன் ஒரு வாரம் கேலி செய்வான், அவ்வளவுதான். அந்த ஒரு வாரக் கேலியைத் தாங்க அவருக்கு மனசில்லை. பனிக்குள் மறைந்து நின்று ஒரு சிகரெட் பிடித்தார். மலைப்பக்கத்துப் பாறையில் கடப்பாரையால் தட்டினார், நெட்டையனுக்குக் கேட்கட்டும் என்று. டங். டங். டங். பிறகு திரும்பி வந்து, "இருக்கு" என்றார்.

பிளக் மக்கர் செய்கிறது, நீ முன்னால் போ, துடைத்துவிட்டு வருகிறேன் என்றும் சொன்னார். நெட்டையன் ஒரு கேள்வி கேட்கவில்லை. உதைத்துக் கிளப்பினான், முழங்கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு பனிக்குள் போனான். இன்ஜின் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் இல்லை. இடித்த சத்தம், அலறல், ஒன்றும் கிடையாது. கயிற்றை அறுத்த மாதிரி நின்றது, அவ்வளவுதான்.

கொஞ்சம் பொறுத்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

"மாப்ளே. இருக்கியா?"

நெட்டையன் சாகவில்லை. பாதி வழியில் ஏதோ பிடிப்பில் கிடந்தான். கயிறு அவருடைய வண்டியில்தான் இருந்தது. புத்தம் புதிய, நாற்பது அடிக் கயிறு. அவர் விளிம்பிலிருந்து தள்ளி, கெட்டி ரோட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் அரைமணி நேரம் பயம். அதற்குப் பிறகு வெட்கம். இவ்வளவு நேரம் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு மணி நேரம் போனபின் இன்னும் கஷ்டம். மேலே வந்தால் அவன் வாய் சும்மா இருக்காது. இப்படியே மத்தியானம் வரை போனது. கீழே குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, மாப்ளே இருக்கியா, மாப்ளே இருக்கியா என்று. கோபமில்லாமல், கதவைத் தட்டுகிறவன் மாதிரி. நடுவில் அவர் தன்னை மறந்து இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"சிகரெட் வாசனை வருது மாப்ளே" என்றது குரல். "இருக்கே. தெரியுது."

அவர் சிகரெட்டைக் கல்லில் தேய்த்து அணைத்தார். மூச்சையும் அடக்கிக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பனி விலகியபோது கீழே சத்தமில்லை. விசாரணையில், கூப்பிட்டானா என்று மேலதிகாரி கேட்டார். நெட்டையனின் மனைவியும் கேட்டாள், கடைசியாக ஏதாவது கூப்பிட்டாரா என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு. இருவருக்கும் அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"இல்ல."

ஹாலில் புகை வாசனை நெஞ்சை அடைத்தது. மணி நாலரை. கண்ணை மூடித் திறந்தார். தரைக்குக் கீழே, மேஜைக்கு நேர் அடியில், யாரோ தட்டினார்கள்.

டங்.

நிதானமாக.

டங்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. மகள்.

"அப்பா, கழுத்து வளைவுக்கு வந்துட்டேன். செம பனி. ஒண்ணுமே தெரியல. ஆனா தரை கெட்டியாத்தான் தெரியுது. எதுக்கும் ஒரு தடவை இறங்கி நடந்து பார்த்துடட்டுமா?"

"நடந்து பாரு" என்று சொல்ல வாயைத் திறந்தார். இல்லை, அதுவும் வேண்டாம், நடந்தாலும் அந்தத் தோல் தாங்காது. "திரும்பிப் போ" என்றார். "நில்லு. வராத. திரும்பிப் போம்மா."

மகள் சிரித்தாள். "தெரியும்பா, தெரியும். கூட்டாளி சொன்னதை ரெண்டாம் தடவை கேட்டா கேவலம். சும்மா உங்க வாயால இன்னொரு தடவை கேக்கணும்னு தோணிச்சு."

எந்த வார்த்தையைச் சொன்னாலும் அங்கே போய்ச் சேருவது ஒரே வார்த்தைதான் என்று அவருக்குப் புரிந்தது. போனைத் துண்டித்தால்? துண்டித்தால் சும்மா இருந்தது போல் ஆகும். சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வேறு யாராவது பேச வேண்டும். வேறு வாய் வேண்டும்.

தடியைப் போட்டுவிட்டு ஓடினார். ஹாலின் நடுவே மிதித்த இடமெல்லாம் பொத் பொத் என்றது. இரண்டு மாடிப் படிகள். கைப்பிடியில் ஈரம். கீழ்த்தளத்தில் தையல்காரம்மா கரண்ட் இல்லாததால் வாசலுக்கு அருகே மெஷினை இழுத்துப் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு எல்லாச் சட்டையும் தைத்தவள். நல்ல மனுஷி. அவர் போனை அவள் கையில் திணித்தார்.

"என்ன சார், யாரு? நம்ம மாட்டு டாக்டரா?"

"சொல்லுங்க" என்றார் மூச்சு வாங்க. "ரோடு இல்லன்னு சொல்லுங்க. வந்தா செத்துடுவான்னு சொல்லுங்க. நீங்க சொல்லுங்க, என் வாய்ல வரல." தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இரண்டு கையையும் குறுக்கே கட்டிக் காட்டினார்.

தையல்காரம்மா அவரைப் பரிவோடு பார்த்தாள். போனைக் காதில் வைத்தாள்.

"நான்தாம்மா பேசறேன். அப்பாவுக்கு மூச்சு வாங்குது, அதான் எங்கிட்ட குடுத்தாரு. ரோடு நல்லா இருக்காம். பதறாம வரச் சொல்றாரு."

அவர் போனைப் பிடுங்கினார். மகளின் குரல் இப்போது மெல்ல இருந்தது, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல.

"அப்பா, இங்க முன்னாடி யாரோ தட்டிப் பாக்கற சத்தம் கேக்குது. டங்கு டங்குன்னு. சிகரெட் வாசனை கூட வருது. ரோட்டு ஆளுங்க போல. துணைக்கு ஆள் இருக்கு, நீங்க கவலைப்படாதீங்க. போனை ஆன்லயே வைக்கறேன்."

"வேண்டாம்" என்றார்.

உதைக்கிற சத்தம். இன்ஜின் பிடித்தது. மோட்டார் சைக்கிளை அவ்வளவு நிதானமாக ஓட்ட அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முதல் கியர். கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டு. பதறாமல். அந்தச் சத்தத்தை அவர் காதால் அடி அடியாகத் தொடர்ந்து போனார். பத்தடி. பதினைந்து. இருபது.

இன்ஜின் சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் இல்லை.

இடித்த சத்தம் கிடையாது. அலறல் கிடையாது. தண்ணீர் மட்டும்.

தையல்காரம்மா என்ன சார், என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஓடியது. கட் ஆகவில்லை.

"அப்பா."

போனுக்குள் குரல் எங்கோ பக்கவாட்டிலிருந்து வந்தது. வாயில் மண் இருப்பதுபோல.

"அப்பா. இருக்கீங்களா?"

இந்தத் தடவை அவர் தாமதிக்கவில்லை. நாற்பத்திநான்கு வருடமாக நெஞ்சில் வைத்திருந்த வார்த்தை அது. தொண்டை கிழியச் சொன்னார்.

"இருக்கேன். இருக்கேம்மா. அப்பா இருக்கேன்."

தையல்காரம்மா இரண்டடி பின்னால் போனாள். அவள் முகம் வெளுத்தது.

"என்ன சார் இது. பொண்ணு கூப்பிடுது. ஏன் சார் இல்ல இல்லன்னு சொல்றீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். போனை அவளிடம் நீட்டினார். அவள் பயந்து பயந்து காதில் வைத்து, ஹலோ ஹலோ என்றாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வெறும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல், ஆளைக் கூட்டிவர மழைக்குள் ஓடினாள். ஆள் வந்து, விஷயம் விளங்கி, வண்டி பிடித்து, அந்த மலைக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ரோட்டுக்காரர் அல்லவா.

போனைக் காதில் வைத்தார்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்பா?"

"இருக்கேன். இருக்கேன். இருக்கேன்."

அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. சின்ன வயதில் கீழே விழுந்தால் அழுவாளே, யாராவது வந்து தூக்குவார்கள் என்று நம்பி அழுகிற அழுகை. பிறகு அதுவும் நின்றது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். முகர்ந்து பார்க்கிற மாதிரி.

அவர் இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே சுட்டது. குனிந்து பார்த்தார். நனைந்த சிகரெட் ஒன்று கனிந்துகொண்டிருந்தது.

"சிகரெட் வாசனை வருதுப்பா" என்றாள் மகள். "இருக்கீங்க. தெரியுது."